நுரை அடங்கிய தொட்டி

ஆசிட் கொட்டகையில் காலை ஏழு மணிக்கே கண் எரிய ஆரம்பித்துவிடும். குவோய் தொட்டியின் விளிம்பில் போட்டிருந்த பலகைமேல் நின்று, நீள மூங்கில் துடுப்பால் இறால் ஓடுகளைக் கிண்டிக்கொண்டிருந்தான். ஓட்டில் ஆசிட் பட்டதும் அழுக்கு நுரை பொங்கி விளிம்புவரை ஏறும். துடுப்பால் அதை அடித்து இறக்க வேண்டும். நுரை அடங்கினால் ஆசிட் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். உடனே கீழே நிற்பவன் அடுத்த கேனைச் சாய்ப்பான். பொங்கினால் கிண்டு, அடங்கினால் ஊற்று. பத்தொன்பது வருஷமாக அந்தக் கொட்டகையில் இருந்த சட்டம் இவ்வளவுதான்.

மூக்கையும் வாயையும் சுற்றி ஈரத் துண்டைக் கட்டியிருந்தான். நடுநடுவே துடுப்பை நிறுத்திவிட்டு இருமினான். முன்பெல்லாம் இருமல் வந்தால் இரண்டு தடவையோடு நிற்கும். இந்த வருஷம் மழை பிடித்ததிலிருந்து, ஒருமுறை தொடங்கினால் கையால் பலகையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்க வேண்டியிருந்தது. அந்த நேரம் கீழே நிற்கும் லுவோங் கேனை வைத்துவிட்டுக் காத்திருப்பான். கொட்டகையில் வேலை செய்யும் பதினொரு பேரில் இருமாதவன் யார்?

அங்கிருந்து இருபது எட்டு வைக்கும் தூரத்தில், ஆற்றங்கரையை ஒட்டிப் புதுத் தகரக் கூரை போட்ட இடத்தில் அவன் மனைவி தோவாவின் தொட்டி இருந்தது. அதே இறால் ஓடுதான். நாம்கான் ஊரில் இருக்கும் இறால் ஆலைகளெல்லாம் உரித்துக் கொட்டுகிற அதே தலையும் தோலும்தான். ஆனால் இதில் ஆசிட் கிடையாது. ஓட்டை இடித்துப் போட்டு, கரும்பு ஆலையிலிருந்து வரும் கழிவுப்பாகைக் கரைத்து ஊற்றி, முந்தைய தொட்டியிலிருந்து எடுத்து வைத்த புளித்த நீரை உறையாகச் சேர்த்து மூடிவிட வேண்டும். ஏழு நாளில் அது தானாகப் புளித்து, ஓட்டில் இருக்கும் சுண்ணாம்பையும் ஒட்டியிருக்கும் சதையையும் கரைத்துவிடும். மிஞ்சும் வெள்ளைச் சில்லை அலசிக் காயவைத்தால் வேலை முடிந்தது. வடிகிற தண்ணீரைக் கோழித் தீவனத்துக்கு வாங்கிப்போக ஆள் வந்தது. ஆசிட் கொட்டகைத் தண்ணீரோ ஆற்றில் கலக்கும் இடத்தில் நண்டுகூட நிற்காது.

கான்தோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்த நியென் என்ற பெண்தான் இந்த முறையைக் கொண்டுவந்தாள். முப்பது வயசுகூட இருக்காது. வந்த முதல் நாளே கூலிப் பெண்கள் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து, ஐந்து பாட்டில்களைக் கொடுத்து முகரச் சொன்னாள். எது நன்றாகப் புளித்தது, எது அழுகத் தொடங்கியது, எதில் இன்னும் புளிப்பே ஏறவில்லை என்று ஐந்தையும் சரியாகச் சொன்னவள் தோவா ஒருத்திதான். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. சதுப்புக்காட்டு நண்டை உப்பிலிட்டு ஜாடி ஜாடியாக வைப்பவள் அவள். எந்த ஜாடியை இன்று திறக்கலாம், எதை இன்னும் நாலு நாள் விடவேண்டும் என்று மூடியருகே மூக்கை வைத்தே சொல்லிவிடுவாள்.

"என்ன தோவாக்கா, ஊறுகாய் பதமா வந்திருச்சா?" என்று லுவோங் தினமும் அந்தப் பக்கம் போகும்போது கேட்பான். "எனக்கு ஒரு கிண்ணம் எடுத்து வை. மத்தியானச் சோத்துக்குத் தொட்டுக்கிறேன்."

"உன் நாக்கு ஆசிட்டுலயே வெந்துபோச்சு. உனக்கு ருசி எங்க தெரியப்போவுது? போடா."

"எல்லாரும் உன் பக்கம் வந்துட்டா எங்க கொட்டகைய யாரு பாத்துக்கிறது?"

"பூட்டிட்டு வாங்க. யாரு வேணாங்குறா?"

இது வெறும் கேலி இல்லை. அந்த வருஷப் பிறப்புப் படையலின்போது லாக் முதலாளி எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். வெளிநாட்டில் காயத்துக்குக் கட்டும் பஞ்சு செய்கிற ஒரு கம்பெனி, ஆசிட் படாத சில்லு கேட்கிறது. மூன்று தொட்டிச் சரக்கு அடுத்தடுத்துத் தேறினால், ஒப்பந்தம் போட்டு மொத்தத்தையும் எடுத்துக்கொள்வார்கள். அப்படி நடந்தால் ஆசிட் கொட்டகையை மூடிவிட்டு, பதினொரு பேரையும் புளிப்புத் தொட்டிகளுக்கு மாற்றிவிடுவார். முதல் தொட்டி தேறியது. இரண்டாவதும் தேறியது. நியென் அந்தச் சில்லைப் பக்குவம் செய்து, கொஞ்சம் வினிகரில் கரைத்து, கண்ணாடிக் குச்சியை விட்டு எடுத்துக் காட்டினாள். தேன் மாதிரி நூலிழுத்துக் கொண்டு இறங்கியது.

"ஆசிட் இந்த நூலைத் துண்டு துண்டா வெட்டிடும் அக்கா. அதான் ஆசிட் சில்லு தண்ணி மாதிரி ஒழுகும். உங்க சில்லுல நூல் முழுசா இருக்கு" என்றாள்.

தோவா அன்று வீட்டுக்குப் போனதும் புருஷனிடம் அதைத்தான் சொன்னாள். "இன்னும் ஒரு தொட்டிதாங்க. அப்புறம் நீங்க அந்தப் பலகைமேல ஏற வேணாம்."

அவன் சிரித்தான். "ஏழு நாள் சும்மா உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கிறதுக்குச் சம்பளமா? முதலாளிக்குப் புத்தி கெட்டுப்போச்சு" என்றான். ஆனால் அன்று சாப்பிடும்போது, புளிப்புத் தொட்டிக்கு ராத்திரிக் காவல் உண்டா, துடுப்பு கனமா, கண் எரியாதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தான். அவனுக்கும் ஆசை இருந்தது.

மூன்றாவது தொட்டி ஏற்றிய மூன்றாம் நாள் தோவாவின் அம்மாவுக்குத் திதி வந்தது. கடைசிப் பிள்ளை வீட்டில்தான் திதி கொடுக்க வேண்டும். கடைசிப் பிள்ளை அவள்தான். தம்தோய் ஊரில் இருந்த அம்மாவின் வீடும் தோவாவின் பெயரில்தான் இருந்தது. அக்கா அண்ணன்கள் எல்லாரும் அங்கே வந்துவிடுவார்கள். போகாமல் இருக்க முடியாது. நியெனுக்கோ கல்லூரியில் தேர்வு நேரம், இரண்டு வாரம் வரமாட்டாள். "காலையும் சாயங்காலமும் புளிப்பு பாக்குற தாளை நனைச்சுப் பாத்து நோட்டுல எழுதி வைங்க அக்கா. அதை நம்பித்தான் இருக்கேன்" என்று போனில் சொல்லியிருந்தாள்.

வேறு யாரிடம் விடுவது? தோவா புருஷனைத் தொட்டியருகே கூட்டிப்போய்க் காட்டினாள்.

"காலைல ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் மெதுவாக் கிண்டணும். மூடிய இறுக்கிச் சாத்தணும். இந்தத் தாளை நனைச்சு, என்ன நிறம் வருதோ அதுக்கு நேரா இருக்குற எண்ணை நோட்டுல எழுதணும். அவ்ளோதான். வேற ஒண்ணும் பண்ண வேணாம்."

"பச்சப்புள்ளைக்குப் பாலூட்டச் சொல்ற மாதிரில்ல சொல்ற. போயிட்டு வா, நான் பாத்துக்குறேன்."

நான்காம் நாள் நுரை அடங்கும் என்பதை அவள் அவனிடம் சொல்லவில்லை. முதல் மூன்று நாள் பொங்கும், நான்காம் நாள் சத்தமே இல்லாமல் கிடக்கும், அப்போதுதான் உள்ளே சதை கரைகிற வேலை நடக்கும். இது அவளுக்கு அவ்வளவு தெரிந்துபோன விஷயம். சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. பிற்பாடு எத்தனையோ தடவை அந்த இடத்தில், அந்த மூடியின் பக்கத்தில், தன்னைத் திரும்பக் கொண்டுபோய் நிறுத்திப் பார்த்தாள். ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது.

ஐந்தாம் நாள் காலை முதல் படகிலேயே திரும்பிவிட்டாள். கையில் வாழையிலையில் சுற்றிய பச்சரிசிப் பலகாரம் இருந்தது. வீட்டுக்குப் போகாமல் நேரே தொட்டிக்கு வந்து மூடியைத் தூக்கினாள்.

புளித்த வாசனை இல்லை. ஊசியால் குத்தியதுபோல் ஒன்று மூக்கில் ஏறியது. அதை அவளுக்கு நன்றாகத் தெரியும். பத்தொன்பது வருஷமாக அவள் துவைக்கிற சட்டைகளில் இருக்கிற வாசனை அது. தாளை நனைத்தாள். மஞ்சளுக்கு வரவேண்டியது ரத்தச் சிவப்பில் நின்றது.

குவோய் பின்னால் வந்து நின்றான். முகத்தில் சிரிப்பு.

"பாத்தியா? உன் தொட்டி செத்துப்போகப் பாத்துச்சு. நான் இருந்தேனோ, தப்பிச்சுது."

"என்ன ஆச்சு?"

"நேத்துச் சாயங்காலம் தெறந்து பாக்குறேன், ஒரு பொட்டு நுரை இல்ல. பேச்சுமூச்சு இல்லாமக் கெடக்குது. மழ வேற. குளுந்துபோச்சு போலன்னு நெனச்சேன். உனக்குப் போன் போட்டா எடுக்கல."

திதி வீட்டில் போன் அக்கா பையனிடம் விளையாடக் கிடந்தது அவளுக்கு நினைவு வந்தது.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஒரு கேன் தூக்கியாந்து ஊத்துனேன். கொட்டுற மழைல தனியாத் தூக்கியாந்தேன். ஊத்துனதும் பாரு, எப்படிப் பொங்குச்சு தெரியுமா! எனக்கு அப்பத்தான் உசுரே வந்துச்சு." அவன் நிறுத்தி இருமினான். தொட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். "யார்கிட்டயும் சொல்லல. உன் தொட்டி தூங்கிருச்சுன்னு தெரிஞ்சா அந்தப் பொண்ணு உன்னத்தானே கொறை சொல்லும்?"

தோவாவுக்கு உண்மை வாய்வரை வந்தது. அவன் முகத்தைப் பார்த்தாள். இருபது லிட்டர் கேனைத் தூக்கிக்கொண்டு, அந்த நெஞ்சோடு, வழுக்குகிற பலகையில் நடந்து வந்திருக்கிறான். அவளுக்காக வந்திருக்கிறான்.

"பலகாரம் இருக்கு. சாப்பிடுங்க" என்றாள்.

அவன் போனதும் அவளால் ஆனதெல்லாம் செய்தாள். ஆசிட்டை முறிக்க, நொறுக்கின சிப்பிச் சுண்ணாம்பைக் கூடையில் அள்ளிவந்து கொட்டினாள். பொங்கி அடங்கியது. தாள் கொஞ்சம் வெளுத்தது. இரண்டாவது தொட்டியிலிருந்து எடுத்துப் பத்திரமாக வைத்திருந்த உறைநீர் ஜாடி முழுவதையும் ஊற்றினாள். பாகு கரைத்து ஊற்றினாள். அன்று சாயங்காலமும் மறுநாளும் மூடியைத் தூக்கித் தூக்கி முகர்ந்தாள். உப்பும் அழுகலும் கலந்த ஒரு நாற்றம்தான் வந்தது. புளிப்பு திரும்பவில்லை.

நோட்டில் நான்காம் நாள் சாயங்காலத்துக்குப் புருஷன் எதுவும் எழுதியிருக்கவில்லை. அந்த இடத்திலும் அதற்குக் கீழேயும், இரண்டாவது தொட்டிக்கு எழுதிய பக்கத்தைப் பார்த்து, அதில் இருந்த எண்களையே எழுதினாள். நாலரை. நாலரை. நாலே கால். எழுத்து வழக்கத்தைவிட அழகாகவே வந்திருந்தது.

நியெனிடம் சொல்லிவிடலாம் என்று அந்த வாரத்தில் மூன்று முறை போனை எடுத்தாள். சொன்னால் என்ன நடக்கும் என்பது அங்கே வேலை செய்கிற எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒருவன் தொட்டியில் இன்னொருவன் கைவைத்தால் அன்றைக்கே வெளியே அனுப்புவது லாக் முதலாளியின் வழக்கம். போன வருஷம் லுவோங்கின் மச்சானை மத்தியானச் சோற்றுப் பாத்திரத்தோடு வாசலுக்கு அனுப்பியிருந்தார். குவோயை அனுப்பினால் அவன் எங்கே போவான்? இறால் ஆலைகளில் நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்துத்தான் சேர்ப்பார்கள். அந்தப் படத்தில் என்ன தெரியும் என்று நினைக்கவே அவளுக்குப் பயமாயிருந்தது.

இரண்டாவது வாரக் கடைசியில் நியென் வந்தாள். காய்ந்த சில்லு பார்க்க வெள்ளையாகத்தான் இருந்தது. முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்து ஐஸ் போட்ட கட்டங்காப்பி குடித்துக்கொண்டிருந்தார். நியென் சில்லைப் பக்குவம் செய்து கரைத்து, கண்ணாடிக் குச்சியை விட்டு எடுத்தாள். சொட்டுச் சொட்டாக விழுந்தது. மறுபடி விட்டு எடுத்தாள். மறுபடியும் அப்படியே.

"தண்ணி" என்றார் முதலாளி.

நியென் நோட்டைப் புரட்டினாள். பிறகு தோவாவைக் கூட்டிக்கொண்டு ஆற்றோரம் வந்தாள். ஓட்டுக்கூடைகளை ஏற்றிவந்த படகு ஒன்று கரையில் இடித்துக்கொண்டு நின்றது.

"அக்கா, நோட்டுல எல்லாம் சரியா இருக்கு. ஆனா சரக்கு ஆசிட் பட்ட மாதிரி இருக்கு. என்ன நடந்துச்சு?"

தோவா தண்ணீரைப் பார்த்தாள்.

"யாராவது ஆசிட் ஊத்திருந்தா சொல்லுங்க. அப்ப முறை மேல தப்பில்லன்னு எழுதுவேன். கம்பெனிகிட்ட இன்னொரு தொட்டிக்கு அவகாசம் கேட்டு வாங்குவேன். அவங்க குடுப்பாங்க. ஒண்ணுமே நடக்கலன்னா, முறைதான் சரியில்லன்னு ஆயிடும். அதோட முடிஞ்சுது."

"யாருன்னு முதலாளிக்குச் சொல்லணுமா டீச்சர்?"

நியென் கொஞ்சம் யோசித்தாள். அவள் பொய் சொல்லத் தெரியாத பெண். "நான் பேர் எழுத மாட்டேன். ஆனா நீங்க ஊர்ல இல்லாத ரெண்டு நாளும் தொட்டிகிட்ட யாரு இருந்தாங்கன்னு கொட்டகைக்கே தெரியுமே அக்கா" என்றாள். ஊற்றியது யார் என்று நியெனுக்கும் புரிந்துவிட்டிருந்தது.

கொட்டகையிலிருந்து இருமல் சத்தம் கேட்டது. பதினொரு பேர் இருமலில் அந்த ஒன்றை மட்டும் தோவாவால் தனியாகப் பிரித்துவிட முடியும். சொன்னால் அந்த இருமலோடு அவன் தெருவில் நிற்பான். சொல்லாவிட்டால் அந்த இருமலோடு பலகைமேல் நிற்பான். படகுக்காரன் கூடைகளை இறக்கி முடித்துவிட்டான்.

"மழைதான் டீச்சர். ஒரே குளிர்ச்சி. உறை சரியாப் பிடிக்கல."

"அக்கா..."

"மழைதான்."

நியென் அவள் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டு விட்டாள். பிறகு நோட்டைத் திறந்து, படகின் விளிம்பில் வைத்து எழுதினாள். மழைக்கால வெப்பநிலையில் இம்முறை நம்பகமானதல்ல. கையெழுத்துப் போட்டாள். அவள் கண் கலங்கியிருந்ததைத் தோவா பார்த்தாள். வருஷத்தில் ஆறுமாசம் மழை பெய்கிற ஊர் இது. அந்த ஒரு வரி போதும் என்பது இருவருக்கும் தெரியும்.

மாலை பஸ்ஸில் நியென் கான்தோவுக்குப் போனாள். அதற்கப்புறம் அவள் வரவில்லை.

முதலாளி ரொம்பக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. காயத்துப் பஞ்சுக் கம்பெனி போனால் உரக் கம்பெனி வந்தது. அவர்களுக்கு நூல் நீளமாக இருந்தாலென்ன, துண்டாக இருந்தாலென்ன. சரக்கு நிறைய வேண்டும், சீக்கிரம் வேண்டும். ஒரு மாதத்துக்குள் ஆசிட் கொட்டகையை நீட்டி இரண்டாவது தொட்டி கட்டிவிட்டார். அதைத் திறக்கிற அன்று பன்றித் தலையும் பழமும் வைத்துப் படைத்து, ஊதுவத்தி கொளுத்தினார்கள். புதுத் தொட்டிக்குக் குவோய்தான் மேஸ்திரி என்று முதலாளி அறிவித்தார்.

"பத்தொன்பது வருஷத்துல ஒரு தொட்டி கெடுத்ததில்ல இவன்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். "மேஸ்திரி அண்ணே, இனிமே நாங்க உங்களுக்குச் சலாம் போடணுமா?" என்று லுவோங் துண்டைத் தலையில் தொப்பிபோல் வைத்துக்கொண்டு ஆடினான். குவோய் வெட்கப்பட்டுச் சிரித்தான்.

புளிப்புத் தொட்டியை மூடிய நாளிலிருந்து தோவாவுக்கு வேலை இல்லாமல் இருந்தது. ஓடு கழுவும் பெண்கள் வரிசையில் இடம் நிரம்பிவிட்டது என்றார்கள். அன்று மாலை குவோய் அவளை ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து வீட்டுக்குக் கூட்டிப்போனான். பேச்சு ஓயவில்லை அவனுக்கு.

"பாவம் அந்தப் பொண்ணு. படிச்ச புள்ள, நல்லாத்தான் பாடுபட்டுச்சு. என்ன பண்றது, அது நம்ம ஊருக்கு ஆகாத வேல. நான் அன்னிக்கு ஒரு கேன் ஊத்துனதாலதான் அது அந்த மட்டுக்காவது தாங்குச்சு. ஆசிட்டு அப்படி இல்ல பாரு. மழையோ வெயிலோ, அது நம்மளக் கைவிடாது."

அவள் அவன் இடுப்பைப் பிடித்திருந்தாள். அவன் பேசும்போதெல்லாம் சட்டைக்குள் விலாவெலும்புகள் கரகரவென்று அதிர்வது உள்ளங்கையில் தெரிந்தது.

"ஆமாங்க" என்றாள்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, சீட்டைத் தூக்கி உள்ளிருந்து ஒரு பையை எடுத்தான். முகம் பூரித்துப்போயிருந்தது.

"முதலாளிகிட்ட கேட்டுட்டேன். மேஸ்திரி கேட்டா மாட்டேன்னா சொல்லுவாரு? நாளைலேருந்து நீயும் என் தொட்டிக்கே வந்துரு. கேன் ஊத்துற வேல. ரெண்டு பேரும் ஒண்ணாப் போயி ஒண்ணா வரலாம்."

பையில் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் இருந்தது. ஆண்களுக்கான கறுப்பு பூட்ஸ் இல்லை. சந்தையில் தேடி வாங்கியிருக்கிறான். சிவப்பு நிறம், ஓரத்தில் வெள்ளைப் பூக்கள்.

"போட்டுப் பாரேன்" என்றான்.

அவள் படியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, ஒவ்வொரு காலாக உள்ளே விட்டாள். அவன் குனிந்து கட்டைவிரலால் நுனியை அமுக்கிப் பார்த்தான். அளவு சரியாக இருந்தது.